ரேயின் ரிஷிமூலம்: நான்கு வருஷத் தியரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்

மணல்கோடு:

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். 2015 டிசம்பரில் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வந்ததிலிருந்து 2019 டிசம்பர் வரை ஸ்டார் வார்ஸ் ரசிகர்களாகிய நாம் அதைத் தவிர வேறெதுவும் பார்க்கவில்லை. புதிய மூன்று படங்களின் நாயகி ரேயின் அப்பா யார், அம்மா யார், ஜாக்கு என்ற பாலைவனக் கிரகத்து மணலில் அவளை விட்டுவிட்டுப் பறந்த கப்பல் யாருடையது? இந்த வாரம் அந்த மூன்று படத்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, அன்றைக்கு நாம் அடித்துக்கொண்ட ‘ஆதாரங்கள்’ படத்தில் உண்மையில் எப்படி இருக்கின்றன என்று குறித்தேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், எல்லா ரகசியமும் கீழே உடையப்போகிறது.

முதலில், ரே பழைய படங்களின் நாயகன் லூக்கின் மகள் என்ற கட்சி. ஆள்பலம் அதிகம் இருந்தது இவர்களுக்குத்தான். லூக்கின் பழைய லைட்சேபர், அதாவது ஒளிவாள், மாஸ் கனாட்டாவின் கோட்டை நிலவறையிலிருந்து அவளைக் கூப்பிடுகிறது. அவள் குடியிருக்கும் உடைந்த ஏடி-ஏடி போர் இயந்திரத்துக்குள், லூக் இருந்த ரெபெல் படையின் விமானி ஒருவரின் ஹெல்மெட்டும், விமானி உடை போட்ட பொம்மையும் இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் வில்லனாகிவிட்ட அப்பா வேடரையே கைவிடாத லூக், பெற்ற பெண்ணை அங்கர் ப்ளட் என்ற வியாபாரியிடம் பழைய இரும்பு பொறுக்க விட்டுவிட்டுப் போவானா? இதற்கு அன்றைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஹான்–லேயா மகள் கட்சி. லேயா லூக்கின் சகோதரி. அவர்களுடைய மகனும் புதிய படங்களின் வில்லனுமான கைலோ ரென்னிடம் அதிகாரி ஒருவர் ‘ஒரு பெண்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவரை ஃபோர்ஸ் என்ற மாய சக்தியால் இழுத்துக் கழுத்தைப் பிடிக்கிறானே, அது ஏன்? மாஸ் ஹானிடம் ‘யார் இந்தப் பெண்?’ என்று கேட்டதும் காட்சி ஏன் வெட்டப்படுகிறது? ஹான் செத்த பிறகு லேயா நேராக ரேயைக் கட்டிக்கொள்கிறாள், ஹானின் உயிர் நண்பன் செவ்பாக்கா பக்கத்திலேயே கடந்து போகிறான். இந்தக் கடைசி ஆதாரத்தை வைத்து நான் இரண்டு இரவு சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம் இயக்குநர் ஜே. ஜே. ஏப்ரம்ஸே அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். அர்த்தத்தோடு வைத்த காட்சியே இல்லையாம்.

மூன்றாவது, லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் வாரிசு என்ற கெனோபி கட்சி. நான் இருந்த கட்சி. லைட்சேபரைத் தொட்டதும் வரும் கனவின் முடிவில் ஓபி-வானின் குரல் ‘ரே’ என்று கூப்பிட்டு, இவை உன் முதல் அடிகள் என்கிறது. வாக்கியத்தை, பின்னாள் படங்களில் ஓபி-வானாக நடித்த யூவன் மெக்ரெகர் பேசினார். ‘ரே’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் 2000-இல் காலமான பழைய ஓபி-வான் ஆலெக் கின்னஸின் பழைய ஒலிப்பதிவில் ‘அஃப்ரெய்ட்’ என்று வரும் இடத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். இவ்வளவு மெனக்கெட்டவர்கள் சும்மாவா செய்திருப்பார்கள் என்பது என் வாதம். அவளுடைய பிரிட்டிஷ் உச்சரிப்பும் எங்களுக்குச் சாதகம்.

கடைசியாக, பேரரசன் பால்பட்டீன் என்ற பெரிய வில்லனின் வாரிசு என்ற பால்பட்டீன் கட்சி. நாம் எல்லோரும் சிரித்த கட்சி. பனிக்காட்டுச் சண்டையில் ரே வாளை வீசாமல் குத்துகிறாள், ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’தில் பால்பட்டீனும் இப்படித்தான் குத்துவான் என்று அவர்கள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

ஜெயித்தது அவர்கள்தான். ஆனால் அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேயாக நடித்த டெய்சி ரிட்லியே 2020-இல் ஒரு நிகழ்ச்சியில் சொன்னார்: ஆரம்பத்தில் ஓபி-வான் தொடர்பு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு யாருமில்லை என்று ஆனது, பிறகு பால்பட்டீன் பேத்தி என்றார்கள், படப்பிடிப்பின்போதுகூட அது உறுதியில்லாமல்தான் இருந்தது என்று. நாம் துப்பறிந்துகொண்டிருந்தோம். அவர்கள் கேள்வித்தாளை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, விடைத்தாளை எழுதலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வாதி:

நோட்டுப் போட்டுப் பார்த்ததற்கு ஒரு சபாஷ். ஆனால் கெனோபி கட்சிக்காரர் ஒன்றை வசதியாக மறந்துவிட்டீர்கள். அதே கனவில் யோடாவின் குரலும் இருக்கிறது. குரல் கேட்டதெல்லாம் ரத்த சம்பந்தம் என்றால் ரே பச்சையாக, இரண்டடி உயரத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மணல்கோடு:

ஒன்பது வருஷம் கழித்தும் அதே அடி. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அரைத்தூக்கம்:

நான் படங்களைப் போன மாதம்தான் முதல்முறையாகப் பார்த்தேன், எல்லாம் ஒரே மூச்சில். எனக்கு அது பெரிய மர்மமாகவே தெரியவில்லையே? இரண்டாவது படத்தில் யாருமில்லை என்றார்கள், மூன்றாவதில் பேத்தி என்றார்கள், நான் பாட்டுக்குச் சரி என்று போய்விட்டேன். இதற்கா இவ்வளவு கலவரம்?

நீலவாள்:

நடுவில் இரண்டு வருஷம் காத்திருந்து பாருங்கள், தெரியும். ஒரே மூச்சில் பார்த்தவருக்கு அது கதை. காத்திருந்தவர்களுக்கு அது வேலை.

பழையரீல்:

‘எழுதாத விடைத்தாள்’ என்பதைக் குற்றச்சாட்டு மாதிரி வைக்கிறீர்கள், மணல்கோடு. இந்தத் தொடர் பிறந்ததே அப்படித்தான். நம் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய பிறப்பு ரகசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் முதல் படம் வந்தபோது லூக்கின் அப்பா வேறு, வேடர் வேறு. வேடர்தான் உன் அப்பாவைக் கொன்றான் என்று ஓபி-வான் சொல்வது அன்றைக்குப் பொய்யில்லை. இரண்டாவது படத்துக்கு 1978-இல் லீ ப்ராக்கெட் எழுதிக்கொடுத்த முதல் வரைவில் லூக்கின் அப்பா தனி ஆளாக, ஆவியாக வந்து நிற்கிறார். வேடர் அப்பக்கம் வேறு வேலையாக இருக்கிறான். ப்ராக்கெட் அந்த மார்ச்சிலேயே இறந்துபோனார். தொடரை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தானே உட்கார்ந்து அடுத்த வரைவை எழுதும்போதுதான் இரண்டு பேரும் ஒருவராகிறார்கள்.

டச்சு மொழியில் ‘வேடர்’ என்றால் அப்பா, அப்போதே குறிப்புக் கொடுத்துவிட்டார் என்று இன்னும் யாராவது வருவார்கள். எழுத்து ஒன்றுதான், விஷயம் அதில்லை. பெயர் வைத்தபோது அவன் யாருக்கும் அப்பா இல்லை.

அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதும் ஒரு கதை. படப்பிடிப்பில் வேடர் உடைக்குள் இருந்த டேவிட் ப்ரௌஸ் பேசியது, ‘ஓபி-வான்தான் உன் அப்பாவைக் கொன்றான்’ என்ற வசனம். ‘நான் உன் அப்பா’ என்ற உண்மையான வரி, லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்குக் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் சொல்லப்பட்டது. பின்னால் அதற்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், அந்த வரியைப் படித்ததும் வேடர் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தாராம். குரல் கொடுத்தவரே நம்பவில்லை என்றால், இரண்டாவது படம் வந்த 1980-க்கும் மூன்றாவது வந்த 1983-க்கும் நடுவில் ரசிகர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! ‘இல்லை, இன்னொருவர் இருக்கிறார்’ என்று யோடா சொன்னாரே, அந்த இன்னொருவர் யார் என்று வேறு.

ஆக, முன்கூட்டியே எழுதிவைக்காத ஒரு விடைதான் சினிமா வரலாற்றிலேயே பெரிய பிறப்பு ரகசியமாக நிற்கிறது. எழுதிவைத்தார்களா என்பது கேள்வியில்லை. விடை வந்தபோது அதற்கு முன்னால் பார்த்த படம் கனம் கூடியதா, குறைந்ததா? அந்த இரண்டாவது படமான ‘எம்பயர்’ பார்த்துவிட்டு முதல் படத்துக்குத் திரும்பினால், லூக்கை வளர்த்த மாமா ஓவன் முகத்தில் இருக்கும் பயம்கூட வேறு மாதிரி தெரிகிறது. அப்பாவைப் போலவே இருக்கிறான் என்று அத்தை சொல்ல, அதுதான் எனக்குப் பயம் என்கிறாரே அவர். எழுதியபோது அதில் அவ்வளவு அர்த்தம் கிடையாது. இப்போது இருக்கிறது.

மணல்கோடு:

இந்த அளவுகோல் நன்றாக இருக்கிறது. அதை வைத்தே பார்த்தால், ரேயின் கடைசிப் படமான ‘ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ பார்த்துவிட்டுத் திரும்பினால் ஜாக்கு சுவரில் அவள் கீறிய கோடுகளுக்குக் கனம் கூடுகிறதா?

எதிர்வாதி:

குறைகிறது. எனக்கு 2017-இல் வந்ததுதான் விடை. ‘லாஸ்ட் ஜெடை’யில் லூக் ஒதுங்கி வாழும் தீவின் அடியிலிருக்கும் கண்ணாடிக் குகையை நினைத்துப் பாருங்கள். என் பெற்றோரைக் காட்டு என்கிறாள். இரண்டு நிழல் வருகிறது, ஒன்றாகிறது, பனி விலகினால் அவளே நிற்கிறாள். பிறகு கைலோ கேட்கும்போது அவள் வாயாலேயே வருகிறது, அவர்கள் யாருமில்லை என்று. குடிக்கக் காசு வேண்டி உன்னை விற்ற குப்பை வியாபாரிகள் என்று அவன் முடிக்கிறான். அந்தப் படத்தின் இயக்குநர் ரையன் ஜான்சன் இதற்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: லூக்குக்குக் கேட்கவே முடியாத வார்த்தை ‘நான் உன் அப்பா’ என்றால், ரேக்குக் கேட்கவே முடியாத வார்த்தை ‘நீ யாருமில்லை’. இப்போது சுவரில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தினம் ஒன்று கீறியிருக்கிறாள். அந்தப் படத்தின் கடைசியில் ஒரு லாயத்துச் சிறுவன் துடைப்பத்தைக் கைநீட்டி ஃபோர்ஸால் இழுக்கிறானே, அவனுடைய அப்பா யார் என்று எவனாவது கேட்டானா?

நீலவாள்:

கேட்டோமே. ஒரு வாரத்துக்குள் அவனுக்கும் மூன்று தியரி வந்துவிட்டது. :)

ஆனால் ‘யாருமில்லை’ என்பதில் ஒரு ஓட்டை உண்டு. அதைச் சொல்வது கைலோ. அவனுக்கு அவள் தன் பக்கம் வரவேண்டும், உனக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்கிறவன் யார் என்று பார்க்காமல் நம்புவதா? ஏப்ரம்ஸ் கடைசிப் படத்தில் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார். யாருமில்லைதான், உன்னைக் காப்பாற்ற அவர்களே அப்படி ஆனார்கள் என்று அதே கைலோவை வைத்தே மாற்றிச் சொல்ல வைத்தார்.

எதிர்வாதி:

நுழைந்தார், சரி. கூடவே ஒரு தாத்தாவையும் இழுத்துவந்தார். அதுவும் எப்படி? பால்பட்டீன் உயிரோடு இருக்கிறான் என்பதைத் திறப்பு எழுத்துகளில் ஒரு வரியாக ஓடவிட்டு. அவன் அண்டம் முழுக்க விட்ட மிரட்டலைக் கேட்க வேண்டும் என்றால் படம் வருவதற்குச் சில நாள் முன்னால் ஃபோர்ட்நைட் விளையாடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வில்லனின் அறிவிப்பைக் கதைக்கு வெளியே ஒரு வீடியோ கேமில் வைத்த கொடுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இசைக்காது:

பால்பட்டீன் பெயர் வந்ததால் என் பழைய காயம் ஒன்று. நான் ரே கட்சிகள் எதிலும் இல்லை. நான் கைலோவின் தலைவன் ஸ்னோக் யார் என்று தேடிய ஆள். முழுசாக இரண்டு வருஷம், ஸ்னோக்தான் டார்த் பிளேகஸ் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதாரம் காதில் இருந்தது. ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’தில் ஆபரா அரங்கில் பால்பட்டீன், பின்னால் வேடராகப் போகும் அனக்கினிடம் பிளேகஸ் கதை சொல்லும்போது அடியில் ஓடுவது ஆண்குரல்களின் மிகத் தாழ்ந்த முனகல். 2015-இல் ஸ்னோக் வரும் இடத்திலும் கிட்டத்தட்ட அதே முனகல். இரண்டுக்கும் இசை ஜான் வில்லியம்ஸ். இதைவிட என்ன வேண்டும்?

2017-இல் ஸ்னோக் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு துண்டாக விழுந்தான். பூர்வீகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தியேட்டரில் என் பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டினார், நான் இசைத்தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2019-இல் பார்த்தால் கண்ணாடித் தொட்டிக்குள் ஸ்னோக் உடம்புகள் மிதக்கின்றன, நான்தான் செய்தேன் என்கிறான் பால்பட்டீன். இப்போது யோசித்தால் வில்லியம்ஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இது இருட்டறை, உள்ளே கெட்டவன். அதை நான் ஜாதகமாகப் படித்தேன்.

அரைத்தூக்கம்:

பிளேகஸ் யார்? படத்தில் பார்த்த ஞாபகமே இல்லை.

பழையரீல்:

படங்களில் பார்த்திருக்க முடியாது, கேட்டிருப்பீர்கள். பால்பட்டீன் சொல்லும் கதையில் வருகிற சித், அதாவது ஃபோர்ஸின் இருண்ட பக்கத்து ஆள். மிடிக்ளோரியன் என்ற, ஃபோர்ஸோடு தொடர்புள்ள நுண்ணுயிர்களை வசப்படுத்தி உயிரையே உண்டாக்கத் தெரிந்தவன் என்கிறான். அதற்கு முன்னால் 1999-இல் ‘ஃபேண்டம் மெனஸ்’ வந்தபோதே அம்மா ஷ்மி சொல்லிவிட்டாள், அனக்கினுக்கு அப்பா கிடையாது என்று. ரத்தத்தைச் சோதித்தால் ஒரு செல்லுக்கு 20,000-க்கு மேல் மிடிக்ளோரியன், யோடாவுக்குக்கூட அவ்வளவில்லை. 2005-இல் ஆபரா காட்சி வந்ததும் எல்லோரும் இரண்டையும் கூட்டினார்கள்.

கூட்டினால் வருவது இதுவரை நான்கு விடை. 2012-இல் ஜேம்ஸ் லூசேனோவின் நாவலில் பிளேகஸும் பால்பட்டீனும் ஃபோர்ஸைச் சீண்டுகிறார்கள், ஃபோர்ஸ் பதிலடியாகத் தானே அனக்கினைப் பிறப்பிக்கிறது. அழகான விடை. 2014-இல் பழைய நாவல்களை எல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்று ஒதுக்கியபோது அதுவும் போனது. 2018-இல் வேடர் காமிக்ஸ் கடைசி இதழில், கருவுற்ற ஷ்மிக்குப் பின்னால் பால்பட்டீன் நிழல் மாதிரி நிற்கும் ஒரு கனவுக் காட்சி. அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வேடரின் மனசுக்குள் நடப்பது என்று லூகாஸ்ஃபிலிம் பக்கமிருந்தே விளக்கம் வந்தது. 2024-இல் ‘தி அக்கொலைட்’ தொடரில் ஒரு சூனியக்காரக் கூட்டம் அப்பா இல்லாமல் இரட்டைப் பெண்களை உண்டாக்குகிறது, கடைசி அத்தியாயத்தில் பிளேகஸ் ஒரு குகை ஓரத்தில் எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான், அந்த ஆகஸ்டிலேயே தொடரை நிறுத்திவிட்டார்கள். நான்காவது, லூகாஸ் படத்தில் வைத்த விடை: அப்பா இல்லை. புள்ளி. எனக்கு அது போதும்.

மரப்பாச்சி:

இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. நான் தத்துப் பிள்ளை. பெற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தேடவுமில்லை. அதனால் இந்த இழையில் எல்லோரும் ‘யாருமில்லை நல்லதா, பேத்தி நல்லதா’ என்று பேசும்போது எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. குகைக் காட்சியில் நான் அழுதேன், அது உண்மை. ஆனால் அதற்கு எதிர்வாதி சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு. அவள் ‘யாருமில்லை’ என்பதைக் கேட்டு நிமிர்ந்து நிற்கவில்லை. உடைந்துபோகிறாள். அவளுக்கு அது விடுதலை என்று சொல்வதெல்லாம், அப்பா அம்மா இருக்கிறவர்கள் சொல்வது.

கடைசிப் படத்தில் எனக்குப் பிடித்தது பால்பட்டீன் இல்லை, அதற்கப்புறம் வருவது. லூக் வளர்ந்த டாட்டூயின் கிரகத்தில் ஒரு கிழவி ரேயிடம், நீ யார் என்று கேட்கிறாள். வெறும் ரே என்றால் விடவில்லை, ரே யார் என்கிறாள். ரே, ஆவியாக நிற்கும் லூக்கையும் லேயாவையும் பார்க்கிறாள், ‘ரே ஸ்கைவாக்கர்’ என்கிறாள். இதை நிறையப் பேர் கேலி செய்தார்கள், பெயரைத் திருடினாள் என்றெல்லாம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது கர்ணன். நான் குந்தியின் மகன், சூரியனின் மகன் என்று தெரிந்த பிறகும் அவன் ராதேயனாகவே இருக்கிறான். ராதை வளர்த்தாள், அதனால் ராதேயன். பிறப்பு ரகசியம் உடைந்த பிறகு என்ன பெயரில் நிற்கிறான் என்பதுதான் அவனைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது. பேத்தி என்று தெரியாமல் அவள் ஸ்கைவாக்கர் என்று சொல்லியிருந்தால் அது ஆசை. தெரிந்து சொல்கிறாள். அதற்காகவாவது பால்பட்டீன் விடையை நான் மன்னித்துவிடுகிறேன்.

எதிர்வாதி:

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. ‘விடுதலை’ என்று நான் இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்ன கோணத்தில் யோசித்ததில்லை.

ஆனால் ஸ்கைவாக்கர் விஷயத்தில் விடமாட்டேன். ராதை கர்ணனை வளர்த்தாள், சரி. ரேயை வளர்த்தது யார்? லூக் அவள் நீட்டிய லைட்சேபரை வாங்கித் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிந்தார். லேயா பயிற்சி கொடுத்தது கொஞ்ச காலம். சின்ன வயசிலிருந்து சோறு போட்டது, அதுவும் கால் பங்கு அரைப் பங்கு என்று அளந்து போட்டது, அங்கர் ப்ளட். உங்கள் கணக்குப்படி அவள் ‘ரே ப்ளட்’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

மரப்பாச்சி:

வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுத்தவன் வளர்த்தவன் ஆகமாட்டான், எதிர்வாதி சார். அந்த வித்தியாசம் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீலவாள்:

அடி சரியாக விழுந்தது.

மணல்கோடு:

மரப்பாச்சி, நீங்கள் இதற்கு முன்பே எழுதியிருக்கலாம். பழையரீல் சொன்ன அளவுகோலை வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். முதல் படத்தில் நண்பன் ஃபின் ரேயின் கையைப் பிடித்து ஓடும்போது, என் கையை விடு, எனக்கு ஓடத் தெரியும் என்று கத்துகிறாளே, அந்தக் காட்சி உங்கள் பதிவுக்குப் பிறகு வேறு மாதிரி இருக்கிறது. பால்பட்டீனுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

ராதேயன் என்றதும் எனக்கு இன்னொன்று உறைத்தது. அது அம்மா வழிப் பெயர். இந்த இழையிலும் இதற்கு முந்தைய எல்லா இழைகளிலும் நாம் பேசியது லூக்கின் மகளா, ஹானின் மகளா, கெனோபியின் பேத்தியா, பால்பட்டீனின் பேத்தியா என்றுதான். லேயா பெயர்கூட ஹான் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. விடை என்று வந்ததும் அப்பா பக்கத்துத் தாத்தாதான். அந்த அப்பாவும் பால்பட்டீனின் சரியாக அமையாத ஒரு க்ளோன் என்று 2020-இல் படத்தின் நாவல் வடிவத்தில் விளக்கம் கொடுத்தார்கள். ஆக அந்தக் கிளை முழுக்க ஒரே கிழவன்தான். அம்மா? ஜோடி காமர் அந்த வேடத்தில் சில நொடி வருகிறார், மகள் இருக்குமிடத்தைச் சொல்லாமல் சாகிறார். படத்தில் அவருக்குப் பெயர்கூட இல்லை.

பழையரீல்:

2022-இல் வந்த ‘ஷாடோ ஆஃப் தி சித்’ நாவலில் வைத்தார்கள். அம்மா மிராமீர், அப்பா டேத்தன்.

மணல்கோடு:

படம் வந்து மூன்று வருஷம் கழித்துப் பெயர். சரி, அவளுக்கு ஃபோர்ஸ் எங்கிருந்து வந்தது என்று நாம் அடித்துக்கொண்டோமே, பாதி அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கக் கூடாதா?

இசைக்காது:

2023-இல் ரேயை வைத்துப் புதுப் படம் என்று அறிவித்தார்களே, அதில் இதை எடுத்தால் நான் மறுபடி ஒரு கட்சியில் சேருகிறேன். இந்தத் தடவை காதை நம்பமாட்டேன்.

அரைத்தூக்கம்:

ஒரு சந்தேகம். அப்படியென்றால் மிராமீரின் அம்மா யார்?

எதிர்வாதி:

தூங்கப் போங்கள் தம்பி.